உங்களுக்குத் தெரியுமா? செஞ்சியின் நட்பும் காதலும்

● 2013-இல் எழில் இயக்கத்தில், விமல், பிந்து மாதவி நடித்த நகைச்சுவைக் காதல் படம் ‘தேசிங்கு ராஜா’. அந்தப் பெயருக்கு உரியவர், செஞ்சிக் கோட்டையை ஆண்ட ராஜபுத்திர இளைஞர் தேஜ் சிங். தமிழர் நாவில் அவர் ‘தேசிங்கு’ ஆனார்.

● ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையைச் சிறு படையுடன் எதிர்த்து, 1714-இல் களத்தில் வீழ்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு என்பார்கள்.

● உயிர்த்தோழன் மோவுத்துக்கான் ஓர் இசுலாமியர். நண்பனுக்கு ஆபத்து என்றதும் தன் திருமணத்தையே விட்டுவிட்டுக் குதிரையேறி வந்து, போரில் உயிர் கொடுத்தார் என்கிறது நாட்டுப்புறக் கதைப்பாடல்.

● தேசிங்கின் இளம் மனைவி உடன்கட்டை ஏறினார். அவர் நினைவாக நவாப் உருவாக்கிய ஊரே பாலாற்றங்கரையிலுள்ள ராணிப்பேட்டை என்பது வழிவழிச் செய்தி.

● இந்தக் கதை 1960-இல் எம்.ஜி.ஆர்., பானுமதி, பத்மினி, எஸ்.எஸ்.ஆர். நடிப்பில் ‘ராஜா தேசிங்கு’ எனத் திரைக்கு வந்தது.

● தேசிங்கு ஆண்டது சில மாதங்களே. ஆனாலும் முந்நூறு ஆண்டுகளாக மக்கள் அவரை மறக்கவில்லை. மதம் பார்க்காத அந்த நட்புதான் செஞ்சி நமக்கு விட்டுச்சென்ற பெருஞ்செல்வம்!