தென்னைக் குருத்தழுகலுக்கு மயில்துத்தம்

வடபழனி போன்ற பகுதிகளில் வீட்டுக் கொல்லையில் ஒன்றிரண்டு தென்னை வைத்திருப்போர் மழைக்காலத்தில் குருத்தழுகல் நோயைக் கவனிக்க வேண்டும். நடுக்குருத்து வெளுத்து வாடும். இழுத்தால் துர்நாற்றத்துடன் கையோடு வந்துவிடும். காரணம் ஒருவகைப் பூசணம். அடிமொட்டு வரை அழுகிவிட்டால் மரம் பிழைக்காது. தொடக்கத்திலேயே கண்டால் மயில்துத்தம் காப்பாற்றும்.

மயில்துத்தம் எனும் தாமிர சல்பேட் நீலநிறப் படிகம். எடையில் கால் பங்கு தாமிரம். அதுவே பூசணத்தைக் கொல்கிறது. ஆனால் தனியே கரைத்துத் தெளித்தால் இலையும் கருகும். சுண்ணாம்பு சேர்த்தால் கடுமை தணியும். இலையிலும் ஒட்டி நிற்கும். பிரான்சு நாட்டின் போர்டோவில் மில்லார்டே 1885இல் வெளியிட்ட போர்டோ கலவை இதுதான்.

மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம் இரண்டையும் தனித்தனியே 5 லிட்டர் நீரில் கரைத்து வடிகட்டவும். மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கவும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது, இரும்பு கூடாது.

பளபளப்பான இரும்புக் கத்தியைக் கலவையில் சிறிது நேரம் அமிழ்த்திப் பார்க்கவும். செந்நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை; படியாத வரை சுண்ணாம்பு நீர் சேர்க்கவும். இச்சோதனையை விட்டால் மருந்தே இலையைக் கருக்கும்.

அழுகிய பகுதியைச் செதுக்கி அகற்றி, அரை லிட்டர் வீதம் நீர் சேர்த்துத் தயாரித்த போர்டோ பசையைத் தடவி, மழை படாமல் மூடவும். பக்கத்து மரங்களின் குருத்தில் ஐப்பசி மழைக்கு முன்பே கலவையைத் தெளிக்கவும். கலவையை அன்றே பயன்படுத்த வேண்டும். மயில்துத்தம் நஞ்சு, குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்.