முக்குருத்தியின் புல்லும் சோலையும்

உதகமண்டலத்திற்கு மேற்கே, நீலகிரிப் பீடபூமி கேரளத்தின் தாழ்நிலங்களை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் விளிம்பில், கடல் மட்டத்திற்கு மேல் 2,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் விரிந்து கிடக்கும் முக்குருத்திப் பிரதேசத்தை நேரில் கண்டவர்கள் வெகு சிலரே ஆவர். 78.46 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்நிலம் 1990-இல் தேசியப் பூங்காவாயிற்று. 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துக்கொண்ட மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகளுள் இதுவும் ஒன்றாயிற்று. 2,554 மீட்டர் உயரமுள்ள முக்குருத்திச் சிகரத்தைச் சுற்றிலும் வரிசை வரிசையாக எழுந்து தாழும் குன்றுகளின் இடையே காற்றும் நீரும் பறவைகளும் எழுப்பும் ஓசையன்றி வேறோர் ஓசை கேட்பது அபூர்வம்.

இங்குள்ள பள்ளத்தாக்குகளின் அமைப்பை ஊன்றிப் பார்ப்பவர் உள்ளத்தில் ஒரு வினா எழாமல் இராது. குன்றுகளின் முதுகும் சரிவுகளும் முழுவதும் புல்லால் மூடப்பட்டிருக்க, மலை மடிந்து குழியும் இடங்களில் மட்டும் கருமை பாய்ந்த பசுமையுடன் அடர்ந்த சோலைகள் நிற்கின்றன. சோலை முடியும் இடமும் புல் தொடங்கும் இடமும் ஒரே கோட்டில் சந்திக்கின்றன; இடையிலே மெல்ல மெல்ல மாறும் நிலம் என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. பள்ளத்தின் அடியில் சதுப்பும் அதனின்று ஒழுகும் ஓடையும் காணப்படும். மழையும் வெயிலும் ஒன்றே, அடியிலுள்ள பாறையும் ஒன்றே. அவ்வாறிருக்க ஓரிடத்தில் மரமும், பத்தடி தள்ளிப் புல்லும் ஏன் என்பதே அவ்வினா.

ஆதியில் மலை முழுவதும் காடாகவே இருந்தது என்றும், மனிதர் தீ வைத்தும் கால்நடை மேய்த்தும் அக்காட்டை அழித்ததாலேயே புல் படர்ந்தது என்றும் ஓர் அபிப்பிராயம் நெடுங்காலம் செல்வாக்குடன் இருந்து வந்தது. அதற்கு மறுமொழி கூறும் சாட்சியம் இம்மலையின் சதுப்புகளுக்குள்ளேயே புதைந்து கிடந்தது. நீர் தேங்கிக் காற்றுப் புகாத சதுப்பில் விழும் இலையும் வேரும் முற்றும் மட்காமல், ஆண்டுக்காண்டு படிந்து, பீட் எனப்படும் கரிய மண்ணாகின்றன. உஷ்ணமும் வறட்சியும் தாங்கும் புற்களில் பல, மரங்களினின்றும் வேறான வழியில் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று உணவு சமைப்பவை. ஆதலால் அவற்றின் உடலில் கார்பன்-13 என்னும் கனத்த கார்பன் அணுக்களின் விகிதம் மரங்களில் உள்ளதைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும். உதகைக்கு அருகிலுள்ள சாண்டிநல்லாவின் பீட் மண்ணை அடுக்கடுக்காக எடுத்து இவ்விகிதத்தை அளந்த ஆராய்ச்சியாளர் ராமன் சுகுமாரும் அவருடைய சகாக்களும் 1993-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் வடபகுதிகளைப் பனிப்பாளங்கள் மூடியிருந்த காலத்திலேயே, இங்கே வறட்சி தாங்கும் புற்கள் பரவியிருந்தன என்பதும், பிற்பாடு பருவமழை வலுத்தபோது மரங்களுக்கு உகந்த ஈரம் மிகுந்தது என்பதும் அதனால் புலப்பட்டன. எனவே இப்புல்வெளி, காடு அழிந்த பின் எஞ்சிய மிச்சமன்று. சோலையைப் போலவே தொன்மையும் சுயமான உரிமையும் உடையது. தம் எருமைகளை இப்புல்வெளிகளில் மேய்த்து, தம் கோயில்களையும் வீடுகளையும் இம்மலைப் புல்லால் வேய்ந்து வாழ்ந்த தோடர்கள் காட்டை அழித்து அதை உண்டாக்கியவர்கள் அல்லர். ஏற்கெனவே இருந்த புல்லோடு தம் வாழ்வை இணைத்துக்கொண்டவர்கள்.

அவ்வாறாயின் இன்றும் மரங்கள் ஏன் சரிவுகளில் ஏறவில்லை? அதற்குக் காரணங்களுள் தலையாயது உறைபனி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மேகமற்ற இரவுகளில், பகலில் வாங்கிய உஷ்ணத்தைத் தரை விரைவாக வானில் இழந்துவிடுகிறது. குளிர்ந்து கனத்த காற்று தாழ்விடங்களில் வழிந்து தேங்குகிறது. விடியுமுன் புல்லின் நுனியில் பனி உறைந்து வெண்மையாகப் படிகிறது. புல்லோ தன் உயிர்நிலையை மண்ணோடு ஒட்டி வைத்திருப்பதால் மேற்பகுதி கருகினாலும் மீண்டும் துளிர்க்கும். சோலை மரத்தின் இளங்கன்று அப்பனியைத் தாங்காது மாளும். சோலையின் உள்ளே மட்டும், மேலே கூரைபோல் கவிந்த கிளைகள் தரையின் உஷ்ணத்தை வெளியேற விடாது தடுப்பதால், அங்கு விழுந்த விதைகள் பிழைத்து வளர்கின்றன. இதனுடன் பருவக்காற்றின் வேகமும், மண்ணின் ஆழக் குறைவும், அவ்வப்போது பரவும் தீயும் சேர்ந்துகொள்ள, காற்று தடைப்பட்டு ஈரமும் மண்ணும் நிலைத்திருக்கும் மடிப்புகளே மரங்களுக்கு வாழிடமாகின்றன.

அம்மரங்கள் தாழ்மலைக் காட்டு விருட்சங்களைப்போல் வானளாவ நிமிர்வன அல்ல. நாவல் இனத்தவையும், மலைச் செண்பகமும், லவங்கப்பட்டையின் உறவினவும் கணுக்கணுவாகத் திருகி, தடித்த சிற்றிலைகளுடன் குடைபோல் கவிந்து நிற்கின்றன; அவற்றின் பட்டையில் பாசியும் ஆர்க்கிட்களும் ஒட்டி வாழ்கின்றன. தளிர்க்கும் பருவத்தில் சோலை முழுவதும் செம்மையும் பொன்மையும் பூசியதாகத் தோன்றும். புல்வெளியின் நடுவே துணிந்து தனித்து நிற்கும் மரம் சிவந்த மலர்க்கொத்துகளை ஏந்தும் ரோடோடென்ட்ரான் ஒன்றே. அதன் தடித்த பட்டை தீயினின்றும் அதனைக் காக்கிறது. சரிவுகளில் வளரும் நீலக்குறிஞ்சியோ பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து, ஒரே சமயத்தில் எங்கும் பூத்து, விதை சிந்தி மடிவது. 2006-இலும் 2018-இலும் அது மலர்ந்தது.

இப்புல்வெளிக்கு உரிய விலங்கரசு வரையாடே. தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய இது, உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலன்றி வேறெங்கும் இல்லை. இமயத்திலுள்ள தார் என்னும் காட்டாட்டோடு உருவில் ஒத்திருப்பதால் இரண்டும் நெருங்கிய உறவின எனப் பிராணிசாஸ்திரிகள் பலகாலம் கருதிவந்தனர். 2005-இல் வெளியான மரபணு ஆராய்ச்சி, இது செம்மறி இனத்திற்கே நெருங்கியது எனக் காட்டியதால் தனிப் பேரினமாக வகுக்கப்பட்டது. வரையாடு புல்லை மேய்வது. ஆபத்து வந்தால் பாறை முகடுகளுக்குத் தாவி ஒதுங்குவது. மேய்ச்சலும் பாறையும் அடுத்தடுத்து அமையாத இடத்தில் அதற்கு வாழ்வில்லை. புல் மறைந்து மரம் அடர்ந்தால், தொலைவிலேயே பகையைக் கண்டு விலகும் வாய்ப்பையும் அது இழக்கிறது. புலியும் சிறுத்தையும் செந்நாயும் இங்கு உலவுகின்றன. கடமான் அந்தியில் சோலையினின்று வெளிப்பட்டுப் புல் மேய்கிறது. கருமந்தி சோலையின் கிளைகளில் கூட்டமாக வாழ்கிறது.

பறவைகளிலும் இப்பிரிவினை தெளிவாகத் தெரிகிறது. நீலகிரி நெட்டைக்காலி புல்லிலே கூடு கட்டிப் புல்லிலேயே பூச்சி தேடுவது. நீலகிரிச் சிரிப்பானோ சோலையையும் அதன் ஓரப் புதர்களையும் விட்டு நெடுந்தொலைவு செல்லாதது. உயர்மலைக் குளிரில் வாழப் பழகிய இத்தகைய பறவைகளுக்கு, இடையிலுள்ள வெப்பமான தாழ்நிலம் கடலைப்போல் கடக்கவொண்ணாதது. ஆதலால், பாலக்காட்டுக் கணவாயின் வடக்கே நீலகிரியில் வாழும் சிரிப்பான் ஓர் இனமாகவும், தெற்கே பழனி, ஆனைமலை ஆகியவற்றில் வாழ்வது வேறோர் இனமாகவும் யுகயுகமாகப் பிரிந்து போயின. ஒரு சிகரத்தில் அழிந்த இனத்தை அடுத்த சிகரத்திலிருந்து கொணர்ந்து ஈடுசெய்ய இயலாது என்பது இதனால் விளங்கும்.

இனி, சமவெளியில் வாழும் நமக்கும் இம்மலைக்கும் உள்ள சம்பந்தத்தைப் பார்ப்போம். நீலகிரியின் மேற்கு விளிம்பு தென்மேற்குப் பருவமழையை நேராக ஏற்பது. 2019 ஆகஸ்டில் இங்குள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்தது. இம்மழையைப் புல்லின் வேரும், சோலையின் சருகு மண்ணும், சதுப்பின் பீட்டும் உறிஞ்சி, மழையற்ற மாதங்களில் சிறுகச் சிறுக விடுகின்றன. பைக்காரா இங்கே பிறந்து மோயாறாகிப் பவானிசாகரை அடைகிறது; பவானி ஆறும் இதே மேற்குப் பகுதியில் தோன்றுவதுதான். 1932-இல் பைக்காராவில் மின்சாரம் பிறந்ததும், கோபிசெட்டிபாளையத்து வயல்கள் விளைவதும் இந்நீரால்.

புல்லை அகற்றி மரத்தை நட்டால் நீர் பெருகும் என்று எண்ணுவது இயல்பே. அதனைச் சோதிக்க, உதகையிலுள்ள மண்வள ஆராய்ச்சி நிலையத்தார் கிளென்மார்கனில் அருகருகே உள்ள இரு சிறு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்து, ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றதில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டு நிலத்தில் யூகலிப்டஸ் எனப்படும் கற்பூர மரத்தை நட்டு, ஆண்டாண்டாக ஓடைநீரை அளந்தனர். முதல் பத்தாண்டுகளில் நீர்வரத்து சுமார் 16 விழுக்காடு குறைந்தது. மரத்தை வெட்டியபின் மறுபடி துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் குறைவு சுமார் 25 விழுக்காட்டை எட்டியது. ஆழ வேரூன்றி ஆண்டு முழுவதும் நீரை உறிஞ்சி ஆவியாக்கும் மரம், ஓடைக்குச் சேர வேண்டியதைத் தானே பருகிவிடுகிறது.

ஆயினும் நடப்பட்டவை கொஞ்சமல்ல. ஆஸ்திரேலியாவினின்று வந்த கற்பூர மரமும் சீகை மரமும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்காகக் கொண்டுவரப்பட்டன. சுதந்திரத்திற்குப் பின், தோல் பதனிடுவதற்கும் ஆலைகளுக்கும் வேண்டிய மூலப்பொருளுக்காகப் பெருமளவில் பரப்பப்பட்டன. புல்வெளியை வெற்று நிலமென ஏட்டில் எழுதியவர்கள் கெட்ட எண்ணம் உடையவர்கள் அல்லர். மரமில்லாத நிலம் பயனற்ற நிலம் என்ற நம்பிக்கையே அவர்களை நடத்தியது. அதன் விளைவு கடுமையானது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, பழனி மலையில் மட்டும் நாற்பதாண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு, மரத் தோட்டங்களாலும் விவசாயத்தாலும் மறைந்துவிட்டது. நட்ட இடத்தோடு சீகை நிற்பதில்லை. அதன் விதைகள் பல ஆண்டுகள் மண்ணில் உறங்கி, தீயோ வெட்டோ நேர்ந்தால் ஒருங்கே முளைக்கின்றன.

பரிகாரமும் எல்லா இடத்திற்கும் ஒன்றன்று. முதிர்ந்த சீகைத் தோப்புகளின் நிழலில் உறைபனி தடைப்படுவதால் சோலை மரங்களின் கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. அங்கே அவசரப்பட்டு வெட்டுவதைவிட அக்கன்றுகள் தலையெடுக்க விடுவதே நலம். புல்வெளியில் புதிதாக நுழையும் சீகைக் கன்றுகளையோ வளருமுன் வேரோடு பிடுங்குவதும், ஆண்டுதோறும் திரும்பச் சென்று பிடுங்குவதும், எஞ்சிய புல்லிலிருந்து விதையும் பதியமும் எடுத்துச் சீரழிந்த இடங்களில் நடுவதும் வேண்டும். பொறுமையும் இடையறாத செலவும் கோரும் வேலை இது.

மரம் நடுவது புண்ணியம் என்று நம் குழந்தைகளுக்குச் சொல்லி வருகிறோம். சமவெளியின் தரிசுகளிலும் தெருவோரங்களிலும் அது மெய்யே. ஆனால் எந்த நிலத்தில் எது இயல்பாக வாழ்ந்தது என்று கேட்டறிந்த பின்னரே கன்றைக் கையிலெடுக்க வேண்டும் என்பதையும் அதே பாடத்தில் சேர்த்துச் சொல்லுவது நம் கடமை. நம்முடைய அரசும் பொதுமக்களும் மலையின் வளத்தை மரங்களின் எண்ணிக்கையால் மட்டும் கணக்கிடுவதை விடுத்து, புல்லுக்கும் சதுப்புக்கும் அக்கணக்கில் இடம் தந்தால்தான், வரையாட்டுக்கு மேய்ச்சலும் நெட்டைக்காலிக்குக் கூடும், பவானிக் கரை உழவனுக்குக் கோடையிலும் நீரும் கிடைக்கும்.