முதுகைக் காட்டும் ஓவியம்

இன்னைக்கு ஒரே ஒரு ஓவியத்தைப் பத்திப் பேசப் போறோம். வரைஞ்ச வருஷம் 1670. இப்போ கோபன்ஹேகன்ல, டென்மார்க் தேசிய கலைக்கூடத்துல இருக்கு. நெட்ல தேடினா, யாரோ படத்தைத் திருப்பி வச்சு போட்டோ எடுத்திருக்காங்கன்னுதான் தோணும். மரச்சட்டம், பழுப்பேறின துணி, சின்னச் சின்ன ஆணிங்க, மூலையில 36-னு எழுதி ஒட்டின ஒரு துண்டுச் சீட்டு. ஆனா அதுதான் முன்பக்கம். ஆணி, அதோட நிழல், சீட்டு எல்லாமே பெயின்ட்.

வரைஞ்சவர் கோர்னேலிஸ் கெய்ஸ்பிரெக்ட்ஸ். ஆண்ட்வெர்ப் பக்கத்து ஆள், அப்போ டென்மார்க் அரசவைக்கு வேலை செஞ்சிட்டிருந்தார். இந்த வகை ஓவியத்துக்கு பிரெஞ்சுல 'ட்ரோம்ப் லோய்'னு பேரு. கண்ணை ஏமாத்துறதுன்னு அர்த்தம்.

எனக்குப் பிடிச்சது, இவர் எதை வரையணும்னு தேர்ந்தெடுத்த விதம். அதே நூற்றாண்டுல ஹாலந்துல வில்லெம் ஹேடா வரைஞ்ச எலுமிச்சைத் தோல், வெள்ளித்தட்டு எல்லாம் பாருங்க. அசந்து போவீங்க, ஆனா ஏமாற மாட்டீங்க. ஏன்னா மேஜைக்கு ஆழம் இருக்கு. நம்ம ரெண்டு கண்ணும் கொஞ்சம் வேற வேற கோணத்துல பார்க்குது. அந்த வித்தியாசத்தை வச்சுத்தான் மூளை தூரத்தைக் கணக்குப் போடுது. தலையை லேசா அசைச்சாலும், நிஜ மேஜையில முன்னாடி இருக்கிற டம்ளர் பின்னாடி இருக்கிற தட்டை மறைச்சு நகரும். ஓவியத்துல எதுவும் நகராது. உடனே மாட்டிக்கும்.

படத்தோட முதுகுல ஆழமே சில மில்லிமீட்டர்தான். ரெண்டு மீட்டர் தள்ளி நின்னா, அவ்வளவு சின்ன ஆழத்துக்கு ரெண்டு கண்ணுக்கும் கிடைக்கிற வித்தியாசம் கிட்டத்தட்ட பூஜ்யம். பொய்யைக் கண்டுபிடிக்கத் தேவையான டேட்டாவே மூளைக்குப் போகலை! அதனாலதான் இவரும் இவர் மாதிரி ஆட்களும் பலகையில செருகின கடிதங்கள், சுவர்ல தொங்குற சாமான்கள்னு தட்டையான விஷயங்களையே தேடிப் பிடிச்சாங்க. அளவும் நிஜ அளவுதான், குறைச்சா காரியம் கெட்டுடும்.

இதுல ஒரு துணிச்சலும் இருக்கு. 1660கள்ல பிரான்ஸ்ல ஃபெலிபியான்னு ஒருத்தர் ஓவிய வகைகளுக்கு ரேங்க் போட்டார். வரலாறு, புராணம் எல்லாம் மேல. பழம், பூ, பாத்திரமெல்லாம் அடிமட்டம். இவரோ பழத்தைக்கூட வரையலை. அரசவை ஓவியர், ராஜா முகம் இல்ல, போர்க்களம் இல்ல, வெறும் கட்டையும் துணியும். அந்த 36 வேற, ஏதோ சேகரிப்புப் பட்டியல் நம்பர் மாதிரியே இருக்கும். அப்போ படம் அந்தப் பக்கம் இருக்குன்னு கை தானா நீளும். திருப்பினா அங்கயும் மரச்சட்டம், துணி. இது மட்டும் நிஜம்.

மிச்சம் இருந்த ஒரே துப்பு ஓவியத்தோட நாலு மூலை. அதையும் அவர் விடலை. ரெண்டு மீட்டருக்கு மேல உயரமான பலகையை ஓவியரோட ஸ்டாண்டு வடிவத்துலயே வெட்டி, அதுல ஸ்டாண்டு, அது மேல பழ ஓவியம், கீழ சாய்ச்சு வச்ச இன்னொரு படம்னு எல்லாத்தையும் வரைஞ்சிருக்கார். கீழ சாய்ஞ்சிருக்கிற அந்தப் படமும் நமக்கு முதுகைத்தான் காட்டிட்டு இருக்கு.