அமீர் அப்துல் காதிர்: கைதிகளும் கொடுத்த வாக்கும்

அமீர் அப்துல் காதிர் (1808–1883) அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படையெடுப்பை 15 ஆண்டுகள் எதிர்த்துப் போராடிய தலைவர். மார்க்க அறிஞர், சூஃபி. மேற்கு அல்ஜீரியாவில் மஸ்காரா நகருக்கு அருகே பிறந்தார். தந்தை முகையித்தீன் காதிரிய்யா என்னும் சூஃபி நெறியின் பெரியவர். தமிழ் முஸ்லிம்கள் முகையித்தீன் ஆண்டகை என்று போற்றும் பாக்தாது ஞானி அப்துல் காதிர் ஜீலானியின் வழிவந்த நெறி அது. பிரான்சு 1830இல் அல்ஜியர்ஸ் நகரைப் பிடித்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து மேற்குப் பகுதிக் குலங்கள் கூடி, 24 வயதான அப்துல் காதிரைத் தலைவராக ஏற்றுக்கொண்டன.

அவர் நடத்திய போர்கள் பல. 1837இல் தளபதி புஜோவுடன் செய்த தஃப்னா உடன்படிக்கை அல்ஜீரியாவின் பெரும்பகுதியை அவர் கையில் விட்டது. ஆனால் ஒரு போர்வீரனின் மானத்தை அளக்க வெற்றிக் கணக்கு போதாது. தன்னிடம் அகப்பட்டவனை அவன் எப்படி நடத்தினான் என்று பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அப்துல் காதிரின் வாழ்க்கையில் அந்தக் கேள்வி மூன்று முறை எழுகிறது.

கைதிகள்

எதிரியின் தலையைக் கொண்டு வந்தால் பரிசு என்பது அக்காலப் போர்களில் இருந்த வழக்கம். அப்துல் காதிர் அதை மாற்றினார். எதிரி வீரனை உயிருடன் கொண்டு வருபவனுக்கே பரிசு. கைதி தன்னைத் துன்புறுத்தியதாகச் சொன்னால் அந்தப் பரிசும் இல்லை. அல்ஜியர்ஸ் ஆயர் துப்புஷ் ஒரே ஒரு கைதிக்காக வேண்டிக் கடிதம் எழுதியபோது, அமீர் அனுப்பிய பதில் சுவையானது. ஏன் ஒருவனுக்காக மட்டும் கேட்கிறீர்கள், எல்லாக் கைதிகளுக்காகவும் கேட்டிருக்கலாமே, உங்கள் சிறைகளில் வாடும் முஸ்லிம்களுக்கும் அதே இரக்கத்தைக் காட்டலாமே என்பது அதன் சாரம். இதன் தொடர்ச்சியாக 1841இல் இரு தரப்பும் கைதிகளைப் பரிமாறிக்கொண்டன.

இங்கே ஒரு கறையையும் சொல்லியாக வேண்டும். 1846 ஏப்ரலில் அமீரின் முகாமில் இருந்த 200க்கும் மேற்பட்ட பிரெஞ்சுக் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அவர் அப்போது முகாமில் இல்லை. உணவுத் தட்டுப்பாட்டில் முகாம் தவித்த நேரம். அவரிடம் பொறுப்பேற்றிருந்தவரே கட்டளையிட்டார் என்பது பெரும்பாலோர் முடிவு. ஆனாலும் தலைவன் என்ற முறையில் இந்தப் பழி அமீரின் பெயரோடு ஒட்டியே நின்றது. முந்தைய ஆண்டில் தஹ்ரா குகைக்குள் ஒளிந்திருந்த ஒரு குலத்தையே பிரெஞ்சுப் படை புகையிட்டுக் கொன்றது உண்மைதான். அதைக் காட்டி இதை மறைக்க முடியாது. அவரைப் புகழும் நூல்கள் சில இந்தப் பக்கத்தை வேகமாகத் திருப்பிவிடுகின்றன. மாணவர்கள் அப்படிச் செய்ய வேண்டாம்.

கொடுத்த வாக்கு

1847 டிசம்பரில், இனிப் போரிட்டால் மக்கள்தான் அழிவார்கள் என்ற நிலையில் தளபதி லமோரிசியேரிடம் சரணடைந்தார். அலெக்சாந்திரியாவுக்கோ அக்கா நகருக்கோ (அன்றைய பாலஸ்தீனத்தில் இருந்தது) போக விடுவோம் என்பது அவருக்கு அளித்த உறுதி. கப்பலோ பிரான்சின் துலோன் துறைமுகத்துக்குப் போனது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பிரான்சில் புரட்சி வந்து மன்னராட்சி போயிற்று. புதிய அரசும் வாக்கைக் காக்கவில்லை. குடும்பத்தாரும் உடன் வந்தவர்களுமாக ஏறத்தாழ நூறு பேர் துலோன், போ, அம்புவாஸ் என்று கோட்டை கோட்டையாக அடைக்கப்பட்டார்கள். அம்புவாசில் மட்டும் 25 பேர் இறந்தார்கள். அவர் விடுதலைக்காக நூல் எழுதி வாதாடியவர்களில் ஒருவர் அதே ஆயர் துப்புஷ். 1852இல் லூயி நெப்போலியன் நேரில் வந்து விடுவித்தார். இனி பிரான்சை எதிர்த்து ஆயுதம் எடுப்பதில்லை என்று அமீர் உறுதி கூறினார். தனக்களித்த வாக்கை மீறியவர்களுக்குக் கொடுத்த அந்த வாக்கைச் சாகும்வரை மீறவில்லை. அவர் பிரெஞ்சு உதவித்தொகை பெற்றதையும் சேர்த்து, இதைப் பணிந்துபோனதாகக் குறை சொல்வோரும் உண்டு.

டமாஸ்கஸ், 1860

1855 முதல் அவர் டமாஸ்கசில் குடியிருந்து மார்க்கக் கல்வி கற்பித்து வந்தார். 1860 ஜூலையில், லெபனான் மலையில் மூண்ட கலவரம் அந்த நகருக்கும் பரவியது. கிறித்தவர் குடியிருப்பு தீக்கிரையானது. உதுமானிய ஆளுநர் தடுக்கவில்லை. அமீர் தம்முடன் இருந்த அல்ஜீரியர்களை ஆயுதத்துடன் தெருக்களுக்கு அனுப்பி, அகப்பட்ட கிறித்தவர்களை எல்லாம் தம் வீட்டுக்கு அழைத்துவரச் செய்தார். அயல்நாட்டுத் தூதர்களும் அங்கே தஞ்சம் புகுந்தார்கள். வீடு நிரம்பியதும் மக்களைக் காவலுடன் நகரக் கோட்டைக்கு மாற்றினார். கிறித்தவரை உயிருடன் கொண்டு வருபவருக்குப் பணம் என்றும் அறிவித்தார். மஸ்காரா நாட்களின் பழைய விதிதான், இம்முறை போர்க்களத்துக்கு வெளியே. வாசலில் கூடிய கும்பல் அவர்களை வெளியே விடக் கேட்டபோது மறுத்துவிட்டார். ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள்.

பிரான்சு தன் உயரிய விருதை அளித்தது; அமெரிக்கத் தலைவர் லிங்கன் கைத்துப்பாக்கிகள் அனுப்பினார். தாம் செய்தது இஸ்லாமியச் சட்டமும் மனித உரிமையும் விதித்த கடமையே என்று அமீர் ஓர் ஆயருக்கு எழுதினார். பிறரின் புகழ்ச்சியில் அவரது சமயம் ஒரு விதிவிலக்கைப் போலப் பேசப்பட்டது. அவர் சொன்னதோ நேர்மாறு.

1883இல் டமாஸ்கசில் காலமாகி, தாம் ஆசானாகக் கருதிய இப்னு அரபியின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். அல்ஜீரியா விடுதலை பெற்ற பின் அவர் உடல் அல்ஜியர்சுக்குக் கொண்டு செல்லப்பட்டது. அம்புவாசில் இறந்த அந்த 25 பேர் இன்னும் அங்கேதான் உள்ளார்கள். 2005இல் அக்கோட்டைத் தோட்டத்தில் ஆளுக்கொரு கல் நடப்பட்டது.