இழுத்துப் போட்டால் மட்டும் போதுமா?
லினக்ஸில் சி.டி. பதிவோர் கவனத்துக்கு

பென் டிரைவும் செல்போனும் வந்த பிறகு சி.டி.க்கும் டி.வி.டி.க்கும் வேலையில்லை என்று பலர் சொல்கிறார்கள். முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. ஸ்கேன் எடுத்தால் படங்களைத் தட்டில் பதிந்து கொடுக்கும் ஆஸ்பத்திரிகள் இன்றும் உண்டு. ஊரில் வயதான பெற்றோர் வீட்டில் டெலிவிஷனுக்குப் பக்கத்தில் பழைய டி.வி.டி. பிளேயர்தான் இருக்கும். வெளி மாநிலத்தில் நடந்த பேத்தியின் காதுகுத்தை அதில் போட்டுப் பார்ப்பதுதான் அவர்களுக்குச் சுலபம். மேலும், ஒரு முறை மட்டுமே எழுதக்கூடிய தட்டில் பதிந்ததைப் பிறகு கைதவறி அழித்துவிட முடியாது.

இப்படித் தட்டு பதிந்து அனுப்புகிறவர்களில் லினக்ஸ் உபயோகிப்போரும் கணிசமாக உண்டு. பழைய கம்ப்யூட்டரைக் குறைந்த விலைக்கு வாங்கி, லைசென்சுக்குப் பணம் கட்டாமல் லினக்ஸ் போட்டுக்கொள்வது சம்பளக்காரர்களுக்குக் கட்டுப்படியாகும் வழி. கேரளத்து அரசுப் பள்ளிகளின் கம்ப்யூட்டர்களில் ஓடுவதும் லினக்ஸ்தான். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளை மனதில் கொண்டு 'பாஸ்' என்ற பெயரில் ஒரு லினக்ஸ் தொகுப்பையே வெளியிட்டிருக்கிறது.

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறியவர்கள் கேட்கும் கேள்வி இது: "மவுஸால் பைல்களை இழுத்துப் போட்டால் தட்டில் பதிந்து கொடுக்கும் புரோகிராம் இதில் உண்டா?"

உண்டு, ஒன்றுக்கு மூன்றாகவே உண்டு. மூன்றும் இலவசம். ஆனால் இழுத்துப் போடுவது வேறு, பதிவது வேறு. இந்த வித்தியாசம் புரியாவிட்டால் கையிலிருக்கும் படங்களையே இழக்க நேரிடும்.

கட்டளை போய் ஜன்னல் வந்தது

லினக்ஸின் மூலப் பகுதியை 1991-ல் எழுதி வெளியிட்டவர், பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ். ஆரம்ப காலத்தில் லினக்ஸில் ஒரு சி.டி. பதிய வேண்டுமானால் கறுப்புத் திரையில் நீண்ட கட்டளையை எழுத்துப் பிசகாமல் டைப் அடிக்க வேண்டும். இதற்குப் பெரிதும் பயன்பட்டது, பெர்லினைச் சேர்ந்த யோர்க் ஷில்லிங் எழுதிய 'சி.டி. ரெக்கார்ட்' என்ற புரோகிராம். 2006-ல் லைசென்ஸ் விதிகள் குறித்து அவருக்கும் டெபியன் லினக்ஸ் குழுவினருக்கும் தகராறு வந்தது. அந்தக் குழுவினர் பழைய பிரதியை வைத்து 'வோடிம்' என்ற வேறொன்றைத் தயாரித்துக்கொண்டனர். ஷில்லிங் 2021-ல் காலமானார்.

இன்று திரையில் தெரியும் அழகான ஜன்னல்களுக்குப் பின்னால், தட்டில் எழுதும் வேலையைச் செய்வது இத்தகைய புரோகிராம்களே. ஜன்னல் வந்ததால் கட்டளையை மனப்பாடம் செய்ய வேண்டிய தொல்லை ஒழிந்தது.

மூன்றில் எது?

முதலாவது 'கே-3-பி'. மூன்றிலும் வசதிகள் அதிகம் உள்ளது இது. திரையின் மேல்பாதியில் கம்ப்யூட்டரிலுள்ள போல்டர்கள் தெரியும். கீழ்ப்பாதி தட்டுக்கு உரியது. மேலிருந்து கீழே இழுத்துப் போட வேண்டியதுதான். எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை அடியில் ஒரு பட்டை காட்டும்.

இரண்டாவது 'பிரசேரோ'. ஸ்பானிய மொழியில் இந்தச் சொல்லுக்குக் கணப்புச் சட்டி என்று பொருள். பாட்டா, பைல்களா, வீடியோவா, நகல் எடுப்பதா என்று முதலிலேயே கேட்டுவிடும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஏற்றது.

மூன்றாவது 'எக்ஸ்.எப்.பர்ன்'. வசதிகள் குறைவு, பாரமும் குறைவு. மெமரி குறைந்த பழைய கம்ப்யூட்டருக்கு இதுவே போதும்.

இவை எல்லா லினக்ஸ் தொகுப்பிலும் முன்கூட்டியே இருப்பதில்லை. தொகுப்பிலுள்ள சாப்ட்வேர் பட்டியலில் பெயரைத் தேடிச் சேர்த்துக்கொள்ளலாம். லேப்டாப்பில் தட்டு போடும் இடமே இல்லையென்றால், யு.எஸ்.பி.யில் மாட்டும் ரைட்டரை வாங்கிக்கொள்ளலாம்.

சார்ட்டில் பெயர் வந்தால் போதாது

ரிசர்வேஷன் சார்ட்டில் பெயர் ஒட்டியிருப்பதாலேயே பயணி வண்டியில் ஏறிவிட்டதாக அர்த்தமில்லை. இங்கும் அப்படியே. பைல்களைக் கீழே இழுத்துப் போட்டதும் ஒரு பட்டியல்தான் தயாராகிறது. இன்னின்ன பைல், இன்னின்ன போல்டரில் இருக்கிறது என்ற குறிப்பு மட்டுமே அதில் உண்டு. 'பர்ன்' என்ற பொத்தானை அழுத்திய பிறகுதான் தட்டில் ஓர் எழுத்தாவது ஏறும்.

பட்டியலைச் சேமித்து வைக்கும் வசதியும் இருக்கிறது. இதில்தான் ஆபத்து. கல்யாணப் படங்களையெல்லாம் இழுத்துப் போட்டு, 'சேவ்' கொடுத்துவிட்டு, படங்கள் பத்திரமாகிவிட்டன என்று நினைத்து, இடம் அடைக்கிறதே என மூலப் படங்களை அழித்துவிட்டால் தீர்ந்தது. சேமித்த பைலைத் திறந்தால் பெயர்கள் மட்டுமே மிஞ்சும், படங்கள் இரா. மூலப் படங்கள் இருந்த போல்டரை வேறிடத்துக்கு மாற்றினாலும், பட்டியலுக்கு அவை இருக்குமிடம் தெரியாமல் போகும்.

தட்டின் வகை தெரிய வேண்டும்

பாட்டு சி.டி. வேண்டுமென்று எம்.பி.3 பைல்களை 'டேட்டா' வகையில் இழுத்துப் போட்டால், பழைய சி.டி. பிளேயரில் அது பாடாது. 'ஆடியோ' வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 700 எம்.பி. சி.டி.யில் அந்த வகையில் 80 நிமிடம்தான் கொள்ளும். ஐந்து நிமிடப் பாட்டானால் பதினாறு. செல்போனில் எடுத்த வீடியோவையும் அப்படியே போட்டால் பழைய டி.வி.டி. பிளேயர் பல சமயம் எடுத்துக்கொள்ளாது. பிரசேரோவில் 'வீடியோ' வகையைத் தேர்ந்தெடுத்தால் அது பிளேயருக்கு ஏற்றபடி மாற்றிப் பதியும்.

லினக்ஸையே நிறுவுவதற்கான தட்டு தயாரிக்கும்போதும் இதே தவறு நேர்கிறது. ஐ.எஸ்.ஓ. பைலை மற்ற பைல்களைப் போல இழுத்துப் போட்டால், தட்டில் அது ஒரு சாதாரண பைலாகக் கிடக்கும்; கம்ப்யூட்டர் அதிலிருந்து கிளம்பாது. அதற்கு 'இமேஜ்' பதியும் கட்டளையைத்தான் கொடுக்க வேண்டும்.

டி.வி.டி. அட்டையில் 4.7 ஜி.பி. என்று அச்சிட்டிருக்க, கே-3-பி சுமார் 4.4 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாக நினைக்க வேண்டாம். அட்டையில் இருப்பது ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிய கணக்கு. புரோகிராம் 1024-ஆல் பெருக்கிப் பார்க்கிறது.

தமிழில் பெயர் வைத்தால்

பைல்களுக்குத் தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சி.டி.க்கான ஐ.எஸ்.ஓ. 9660 என்ற விதி 1988-ல் வந்தது. அதன் அடிப்படை நிலையில் எட்டு ஆங்கில எழுத்தும், புள்ளிக்குப் பின் மூன்று எழுத்தும்தான் பெயராகலாம். தமிழ்ப் பெயர் விண்டோஸிலும் சரியாகத் தெரிய, மைக்ரோசாப்ட் கொண்டுவந்த 'ஜோலியட்' என்ற விரிவு வேண்டும். பதியும் முன் அது தேர்வாகியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. அதிலும் பெயருக்கு 64 இடம்தான். 'கோ' போன்ற எழுத்து இரண்டு இடம் பிடிக்கும். ஆகையால் நீளமான தலைப்புகளைத் தவிர்க்க வேண்டும்.

அனுப்பும் முன்

கே-3-பியில் பதிவதற்கு முன், எழுதியதைச் சரிபார்க்கச் சொல்லும் 'வெரிபை' என்ற கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டால் நேரம் கூடுதலாகும். ஆனால் தட்டில் ஏறியது மூலத்தோடு பொருந்துகிறதா என்பது தெரிந்துவிடும். பிறகு தட்டை வெளியே எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரிலோ பிளேயரிலோ போட்டு, கடைசிப் படம் வரை திறந்து பார்க்க வேண்டும். பெயர்ப் பட்டியல் தெரிவதை மட்டும் நம்பக் கூடாது.

ஊருக்குத் தபாலில் போன தட்டு ஓடவில்லை என்று அங்கிருந்து போன் வரும்போது, மூலம் இங்கே இருந்தால் இன்னொன்று பதிந்து அனுப்பலாம். ஆகவே, தட்டு போய்ச் சேர்ந்து, வீட்டார் பார்த்துவிட்டோம் என்று சொல்லும்வரை கம்ப்யூட்டரிலுள்ள படங்களில் கை வைக்காதிருப்பதே உத்தமம். அதற்குப் பிறகும் வேறோரிடத்தில் ஒரு பிரதி இருக்கட்டும்.