மன்னர் சிலையை உருக்கினால் எத்தனை குண்டு? தெரியுமா?

1776 ஜூலை 9. நியூயார்க். அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனத்தைக் கேட்ட கையோடு கூட்டம் எங்கே பாய்ந்தது தெரியுமா? பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் சிலை மேல்! குதிரையில் கம்பீரமாக வீற்றிருந்த மன்னருக்கு மேலே தங்க முலாம், உடம்பெல்லாம் ஈயம்! கயிறு கட்டி இழுத்துத் தள்ளினார்கள். வெட்டிய துண்டுகள் கனெக்டிகட்டில் உள்ள லிட்ச்ஃபீல்டுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே ஆலிவர் உல்காட் என்பவரின் வீட்டில் அவற்றை உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்த்தார்கள். எத்தனை? 42,088!

வேலை செய்தது யார் என்று நினைக்கிறீர்கள்? சிப்பாய்களா? பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்! யார் யார் எத்தனை என்ற கணக்குகூட இருக்கிறது. ரூத் மார்வின் 11,592! உல்காட்டின் மகள் மேரி ஆன் 10,790! அவளுக்கு வயது பதினொன்று! பத்து வயதுகூட நிரம்பாத தம்பி ஃபிரெடரிக் 936. (தம்பிக்கு விளையாட்டுப் புத்தி போலிருக்கிறது!) குதிரை வாலின் ஒரு துண்டு உலைக்குத் தப்பியது. இன்றும் நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தில் பார்க்கலாம்!

‘12 போர்’ துப்பாக்கி என்கிறோமே, அந்த 12 எங்கிருந்து வந்தது? குழாயின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை! அதனால்தான் 20-ஐவிட 12 பெரிய துப்பாக்கி! தலைகீழ்க் கணக்கு!

அமெரிக்காவில் இன்றும் கைத்துப்பாக்கிக்கு வீட்டிலேயே குண்டு வார்ப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் உண்டு. (இங்கே ஆசைப்பட வேண்டாம்! 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.) அவர்களுக்குத் தலைவலியே எந்த ஈயம் என்பதுதான். சுத்த ஈயம் நகம் பட்டாலே கீறல் விழும்! பிரினெல் கடின அளவில் அதற்கு வெறும் 5. நூற்றுக்கு 5 பங்கு வெள்ளீயம், 5 பங்கு ஆன்டிமனி என்ற தனிமம் சேர்த்தால்? 15! மூன்று மடங்கு!

இன்னொரு விசித்திரம் கேளுங்கள். ஈயம் உருக 327 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆன்டிமனிக்கு 631! இரண்டையும் கலந்தால் உருகுவது இன்னும் கடினமாகத்தானே வேண்டும்? இல்லவே இல்லை! 84 பங்கு ஈயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம். இந்தக் கலவை சுமார் 240 டிகிரியிலேயே தண்ணீராக ஓடும்! இது எதற்கான கலவை தெரியுமா? பத்திரிகை அச்சடிக்க! லினோடைப் இயந்திரம் வரி வரியாக வார்த்துத் தள்ளிய எழுத்துகளின் உலோகம் இதுதான். கணினி வந்து அச்சகங்கள் அந்த இயந்திரங்களைக் கழித்துக் கட்டியபோது, குண்டு வார்ப்பவர்கள் எழுத்துகளை அள்ளிக்கொண்டு போனார்கள்! நேற்றுத் தலைப்புச் செய்தி, இன்று துப்பாக்கிக் குண்டு!

வெள்ளீயம் நமக்குப் புதிதா என்ன? ரசம் வைக்கும் ஈயச் சொம்பு அதுதான்! 232 டிகிரியில் உருகிவிடும். வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு மறந்த வீடுகளைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்!

கார் சக்கரத்தில் பேலன்ஸுக்காக மாட்டும் குட்டி எடைக்கட்டி இருக்கிறதே, அதற்கும் அங்கே ஏகப்பட்ட கிராக்கி! ஈயத்தில் கொஞ்சம் ஆன்டிமனி கலந்து தயாராகவே கிடைத்ததே! இப்போது அதில் துத்தநாகக் கட்டியும் கலந்து வருகிறது. அது ஈயத்தில் கரைந்துவிட்டால் போச்சு! உருகிய உலோகம் கூழாகக் குழம்பி அச்சுக்குள் ஒழுங்காக இறங்காது. ஆனால் துத்தநாகம் உருக 419 டிகிரி வேண்டும். சூட்டை அதற்குக் கீழேயே வைத்தால் துத்தநாகக் கட்டிகள் உருகாமல் மேலே மிதக்கும்! கரண்டியால் அள்ளி வீசிவிடலாம்!

சூடு ஆறாத குண்டை அச்சிலிருந்து நேராகத் தண்ணீரில் போட்டால்? ஆன்டிமனி கலந்த ஈயம் விறைத்து இன்னும் கடினமாகும்! சுத்த ஈயம் அசைந்துகொடுக்காது!

கடினத்தை அளக்கப் பெரிய கருவி வேண்டுமா? படம் வரையும் பென்சில் போதும்! மெத்தென்ற 6பி-யில் தொடங்கி ஒவ்வொன்றாகக் குத்திப் பார்க்கிறார்கள். எது முதலில் கீறுகிறதோ அதுதான் அளவு!

ஆனால் எவ்வளவு கடினமோ அவ்வளவு நல்லதா? அதுதான் இல்லை! வேகம் குறைந்த கைத்துப்பாக்கியில் மிகக் கடினமான குண்டு குழாயை நிரப்பி அடைக்காது. பின்னாலிருந்து சூடான வாயு கசிந்து குழாயெல்லாம் ஈயம் அப்பிவிடும்! எல்மர் கீத் என்ற புகழ்பெற்ற துப்பாக்கி எழுத்தாளர் வைத்திருந்த கணக்கு, பதினாறு பங்கு ஈயத்துக்கு ஒரே பங்கு வெள்ளீயம். அவ்வளவுதான்!

உருகிய ஈயத்துக்குள் ஒரே ஒரு சொட்டு நீர் போனால்? கண்ணிமைப்பதற்குள் 1,600 மடங்குக்கு மேல் ஆவியாக விரிந்து ஈயம் கூரைவரை தெறிக்கும்! இந்த விபத்துக்குக் குண்டு வார்ப்பவர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் ‘டின்சல் தேவதை’!

கடைசியாக ஒன்று. குண்டில் உள்ள ஆன்டிமனி, ஆர்சனிக், செம்பு, வெள்ளி உள்ளிட்ட ஏழு தனிமங்களை அளந்து, ‘இது குற்றவாளி வீட்டுப் பெட்டியில் இருந்த குண்டுதான்’ என்று சாட்சி சொன்னது யார் தெரியுமா? அமெரிக்காவின் எஃப்.பி.ஐ! சுமார் 2,500 வழக்குகளில் இந்தப் பரிசோதனை! 2004-ல் அறிவியல் நிபுணர் குழு ஒன்று கணக்குப் போட்டுக் காட்டியது. ஒரே கலவையிலிருந்து, வித்தியாசமே தெரியாத சிறிய குண்டுகள் எத்தனை வரலாம்? குறைந்தது 12,000. அதிகபட்சம் மூன்றரைக் கோடி! மறு ஆண்டே எஃப்.பி.ஐ அந்தப் பரிசோதனையைக் கைவிட்டது!