மாடியில் ஐந்து மூலிகைத் தொட்டிகள்

மழைக்காலம் வந்துவிட்டால் வீட்டில் ஒருவருக்காவது சளி பிடிக்கும். தொண்டை கரகரக்கும் நேரத்தில் பறித்துக்கொள்ள நாலு இலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் எவ்வளவு நல்லது! கொல்லை வேண்டியதில்லை, தினமும் நாலைந்து மணி நேரம் வெயில் படும் பால்கனியே போதும்.

எவற்றை வளர்க்கலாம்?

துளசி: விதை தூவினாலே முளைக்கும். பூங்கதிரை அவ்வப்போது கிள்ளிவிட்டால் பக்கக்கிளை விட்டு அடர்த்தியாகும்.

கற்பூரவல்லி: ஒரு சாண் கிளையை ஒடித்து நட்டால் வேர் பிடித்துவிடும். சளிக்குக் கஷாயம், மாலையில் பஜ்ஜி என இரண்டுக்கும் ஆகும்.

தூதுவளை: முள்ளுள்ள கொடி, படர ஒரு குச்சி நட வேண்டும். இலையின் முள்ளை நீக்கிவிட்டு ரசம், துவையல் செய்யலாம்.

வல்லாரை: அரைநிழலும் ஈரமும் கேட்கும். வாயகன்ற தொட்டி ஏற்றது.

சோற்றுக்கற்றாழை: தண்ணீர் அதிகமானால்தான் அழுகும்.

மண்ணும் பராமரிப்பும்

செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்துகொள்ளுங்கள். தொட்டியின் அடித்துளை மேல் ஓட்டுச்சில்லு வைத்து மண்ணை நிரப்புங்கள். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் நீர் ஊற்றுங்கள். மாவுப்பூச்சி வந்தால் 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். வாயில் போடும் இலை இது. ரசாயனப் பூச்சிமருந்து வேண்டாம். பழைய பெயின்ட் டப்பாவிலும் வளர்க்காதீர்கள்.

தட்டில் தேங்கும் ஆபத்து

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டைத்தான் பலரும் கவனிப்பதில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதில் தேங்கும் சிறிதளவு நல்ல தண்ணீரே போதும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஓரத்தில் முட்டைகளை ஒட்டிவைக்கும். தட்டு காய்ந்தாலும் அவை மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து, மறுபடி நீர் பட்டதும் பொரியும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தட்டை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

எங்கே நிறுத்த வேண்டும்?

கற்றாழை மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் கடுமையான பேதியை உண்டாக்கும். அதை முழுவதும் வடியவிட்டு, சோற்றைப் பலமுறை அலசிய பிறகே உண்ணலாம். கர்ப்பிணிகள் கற்றாழையை உட்கொள்ளக் கூடாது. சர்க்கரை நோய்க்கோ, ரத்தம் உறையாமலிருக்கவோ மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தினசரிக் கஷாயம் குடிக்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் கஷாயத்தை நம்பி நாளைக் கடத்தாதீர்கள், காசநோயாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். மூச்சுத்திணறல், விடாத காய்ச்சல், மஞ்சள் காமாலை எதுவானாலும் உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

எதில் தொடங்கலாம்?

முதல் தொட்டிக்குக் கற்பூரவல்லிதான் சரி. அக்கம்பக்கத்தில் ஒரு கிளை கேளுங்கள். ஒடிக்க ஒடிக்கத் தழைக்கும் செடி. யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள்.